தலைக்கு மேலே டிரோன்: யார் அனுமதி தர வேண்டும்?

மாப்பிள்ளை அழைப்பு, தேரோட்டம், கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்திலும் இப்போது டிரோன் பறக்கிறது. பறக்க விடுகிறவரிடம் அனுமதி உண்டா என்று கேட்டால், "பிரசிடென்ட் கிட்ட சொல்லிட்டோம் சார்" என்பார். ஊராட்சித் தலைவர் தலையசைத்தால் மட்டும் போதாது. ஊராட்சியோ நகராட்சியோ தன் மைதானத்தில், பூங்காவில் நின்று டிரோனைக் கிளப்பலாமா கூடாதா என்று சொல்லலாம். மேலே உள்ள வான்வெளிக்கு அவை அனுமதி தர முடியாது.

அந்த அதிகாரம் மத்திய அரசுடையது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள் நாடு முழுமைக்கும் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வரைபடம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டுகிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த வரம்பு 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் பறக்கலாம்.

உள்ளூர் நிர்வாகம் இங்கேதான் உள்ளே வருகிறது. அவசரத் தேவை எழுந்தால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். அறிவிப்பவர் எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வரைபடத்திலும் அதைக் காட்ட வேண்டும். நேற்று பச்சையாக இருந்த ஊர், முதல்வரோ பிரதமரோ வரும் நாளில் சிவப்பாக மாறிவிடும். தடை தெரியாமல் பறக்க விட்டால் வழக்கு வரும், டிரோனும் போகும். அதனால் பறக்கும் நாளன்று காலையில் வரைபடத்தை ஒரு முறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். காவல்துறையும் தடை உத்தரவைச் செய்திக்குறிப்போடு நிறுத்திவிடாமல் அந்தப் பகுதி மண்டபங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டும். கடன் வாங்கி டிரோன் வாங்கிய இளைஞர்கள் பலர் இதை நம்பிப் பிழைக்கிறார்கள்.

250 கிராம் வரை உள்ளது நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். நானோவுக்கும், தொழிலுக்காக அல்லாமல் பறக்கும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் பறக்க விடும் மைக்ரோவுக்குக் கட்டாயம் வேண்டும். தனி அடையாள எண்ணும் வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கூட்டத்துக்கு மேலே பறக்க விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. நாலு விசிறி உள்ள டிரோனில் ஒரு விசிறி தோரணக் கயிற்றில் சிக்கினாலே போதும், சுழன்றுகொண்டே கீழே விழும். கீழே தேர் வடம் பிடிப்பவர்கள் நிற்பார்கள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள் நிற்பார்கள். முக்கால் கிலோ எடை, மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தால் மண்டை உடையும். ஓரமாக, ஆளில்லாத இடத்துக்கு மேலே நிறுத்திச் சாய்வாகப் படமெடுத்தாலே தேர் முழுசாகக் கிடைக்கும்.

டிரோனால் காயம்பட்டாலோ பொருள் சேதமானாலோ நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டு விதிகள் டிரோனுக்கும் பொருந்தும். நானோவுக்கு மட்டும் காப்பீடு கட்டாயமில்லை. விபத்து நடந்தால் பைலட் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மொட்டை மாடிக்கு மேலே, குளியலறை ஜன்னல் பக்கம் டிரோன் வந்து நின்றால் உடனே 100-க்கு அழையுங்கள். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம்; முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. நேரம், வந்த திசை, போய் இறங்கிய இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். கல்லால் அடிக்காதீர்கள். அது அடுத்தவர் தலையில் விழலாம், பேட்டரி தீப்பிடிக்கலாம், சேதம் விளைவித்ததாக உங்கள் மேலேயே புகார் வரலாம். ஸ்டேஷனில் புகாரைப் பதிய மறுத்தால் எழுத்துமூலமாக எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வீட்டு விசேஷத்துக்கு டிரோன் வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அடையாள எண், பைலட் சான்றிதழ், காப்பீடு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.