மலையேறி வரும் மாநாடுகள்

கோடைக்காலத்தில் ஒருநாள் காலை அருவங்காட்டுச் சாலையோரத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். நீலகிரியின் இன்றைய வாழ்வும் தாழ்வும் ஒருங்கே விளங்கிவிடும். குன்னூரிலிருந்து உதகமண்டலம் நோக்கி வாகனங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஊர்ந்து செல்கின்றன. குடும்பத்தோடு இளைப்பாற வருவோர் அவற்றில் பலர். கழுத்தில் பெயர் அட்டை தொங்க, வரிசையாய்ச் செல்லும் பேருந்துகளில் அமர்ந்திருப்போரும் உளர். இவர்கள் ஏதோ ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் கூட்டத்திற்கோ, மருத்துவர் மாநாட்டிற்கோ, வங்கியொன்றின் கருத்தரங்கிற்கோ செல்கின்றவர்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பணிக்குச் செல்லும் நம்மவர் சாலையைக் கடக்க வழியின்றிக் காத்து நிற்கின்றனர்.

விருந்தினரை வரவேற்பது நம் பண்பு. ஆயினும், அவ்விருந்தின் செலவை யார் ஏற்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லறத்தார் கடமையன்றோ?

பழைய கூட்டங்களும் புதிய கூட்டங்களும்

மலைக்குக் கூட்டங்கள் புதியவை அல்ல. வெள்ளையர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, சென்னை மாகாண அரசே கோடை மாதங்களில் கோப்புகளோடும் எழுத்தர்களோடும் உதகைக்குக் குடிபெயர்ந்து வந்தது. 1893இல் தோன்றிய உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கம் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு, அங்கே ஆண்டு மாநாடுகளைக் கூட்டி வந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948 ஜூனில், ஆசிய, தூரகிழக்கு நாடுகளுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணையம் உதகையில் கூடியது. பண்டித நேரு அவர்கள் நேரில் வந்து அதனைத் தொடங்கி வைத்தார்.

அக்காலத்தில் வந்தோர் பெரும்பாலும் மலை இரயிலில் வந்தனர். 1899இல் குன்னூரை எட்டிய அந்த இருப்புப்பாதை, அருவங்காட்டைக் கடந்து 1908இல் உதகையை அடைந்தது. வந்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினர். அவர்களாலும் மலைக்குச் சுமை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இன்றைய மாநாடோ இரண்டு இரவுகளில் முடிந்துவிடுகிறது. முந்நூறு பேர் ஏறி, முந்நூறு பேர் இறங்கியதும், அடுத்த முந்நூறு பேர் ஏறுகின்றனர். ஒரு மாநாட்டினால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, வருவோர் போவோரின் பயணத்தினால் உண்டாவதே என்பது அறிஞர்களின் முடிவு. குறுகிய தங்கலுக்கு நெடிய பயணம் என்னும் இவ்வழக்கமே முதல் நோய்.

மலை செலுத்தும் கட்டணம்

அடுத்தது தண்ணீர். மழை மிகுந்த மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று சமவெளியினர் வியப்பர். சரிவில் பெய்த மழை சரிவிலேயே ஓடிவிடுகிறது. தேக்கி வைக்க இடம் குறைவு. ரேலியா அணை வற்றும் கோடையில், குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் குடங்களோடு காத்திருப்பது குன்னூர்ப் பகுதித் தாய்மார்களுக்குப் பழக்கமான ஒன்று. அதே வாரத்தில் விடுதிகளுக்கு லாரிகளில் தண்ணீர் செல்கிறது. அந்நீரும் இந்த மலையின் ஊற்றுகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் எடுக்கப்படுவதே.

மூன்றாவது குப்பை. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு பேர், நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு சிறு தண்ணீர்ப் புட்டிகள், இரண்டு நாள்கள்: 2,400 புட்டிகள். இவற்றோடு காகிதக் குவளைகள், பெயர் பொறித்த விளம்பரத் தட்டிகள், ஒருவரும் படிக்காத அச்சுத் தாள்கள். மாநாடு முடிந்த மாலையிலேயே இவை யாவும் குப்பையாகின்றன.

இதைப் பிறர் குற்றமாகவே எழுதிவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்தோம். இருநூறு பேருக்குச் சமைத்தோம். அன்று பெய்த மழையில் நூற்றுமுப்பது பேரே வந்தனர். மீந்த சோற்றையும் குழம்பையும் இலைகளோடு சேர்த்து மண்டபத்தின் பின்புறம் கொட்டிவிட்டு, கூட்டம் சிறப்பாக நடந்தேறியது என்ற மனநிறைவோடு வீடு திரும்பினோம். இரவில் கரடி வந்து கிளறியிருக்கிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்தது. அவ்வழியே கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் நான்கு நாள்கள் சுற்றுப்பாதையில் நடந்தனர். அவர்களுள் ஒருவர் நம்மிடம் சினமின்றிச் சொன்னார்: “விருந்து உங்களுக்கு, நடை எங்களுக்கு.” அச்சொல் இன்றும் நம் உள்ளத்தை உறுத்துகிறது.

சட்டம் காட்டிய வழி

நீலகிரி இவ்வகையில் விழித்துக்கொண்ட மாவட்டங்களுள் முன்னோடி. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியராயிருந்த சுப்ரியா சாகு அவர்கள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை விலக்கும் இயக்கத்தை இங்கே தொடங்கினார். தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரியில்தான் வந்தது. அவ்வாண்டிலேயே இம்மாவட்டத்தில் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளும் தடை செய்யப்பட்டு, பொது இடங்களில் குடிநீர் வழங்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. 2022 மே மாதம் மதுப்புட்டிகளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தருவோருக்கு அதைத் திருப்பியளிக்கும் முறை உயர்நீதிமன்ற ஆணையால் இங்கே தொடங்கியது. காட்டில் எறியப்பட்ட கண்ணாடிச் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்ததே அதற்குக் காரணம்.

2024 மே 7 முதல், மலைக்கு வரும் வெளி வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டும் என்று அந்நீதிமன்றம் ஆணையிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருவதாக அப்போது கூறப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் வணிகர்கள் கடையடைத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. விடுதியில் அறை துடைக்கும் பெண்ணும், வாடகை வண்டி ஓட்டும் இளைஞனும், வர்க்கி விற்கும் சிறு கடைக்காரரும் விருந்தினரை நம்பியே அடுப்பெரிக்கின்றனர். தேயிலை விலை வீழ்ந்த ஆண்டுகளில் பல குடும்பங்களைத் தாங்கியது இவ்வருவாயே.

ஆகவே மாநாடுகள் வரவேண்டாம் என்பது நம் கருத்தன்று. முறையோடு வரட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முறையான கூட்டம்

உலகம் இதற்கான முறைகளை வகுத்துவிட்டது. இலண்டன் ஒலிம்பிக் நடந்த 2012இல், நிகழ்ச்சிகளைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்ப நடத்துவதற்கென ஐ.எஸ்.ஓ. 20121 என்னும் பன்னாட்டுத் தரம் வெளியிடப்பட்டது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது, மாநாட்டுத் தொழில் நடத்துவோர் 2050க்குள் கரியமில வாயு வெளியீட்டை நிகரச் சுழியமாக்க உறுதி பூண்டனர். இவற்றின் சாரத்தை நம் மலைக்குப் பொருத்தினால் கிடைப்பவை எளிய நெறிகளே.

மாநாட்டைக் கோடை நெரிசலில் வைக்காமல், அறைகள் வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களுக்கு மாற்றலாம். பணியாளருக்கு ஆண்டு முழுதும் வேலை கிடைக்கும். விடுதிக் கட்டணமும் குறையும். மலை இரயிலில் ஒரு மாநாட்டையே ஏற்றிவிட இயலாது; அது சிறிய வண்டி. ஆனால் சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரவு இரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறினால், எண்பது கார்கள் செய்யும் வேலையை ஏழெட்டுப் பேருந்துகள் செய்துவிடும். தண்ணீருக்குப் பெரிய கலனும் எவர்சில்வர் தம்ளரும் போதும். உணவில் உதகைக் காரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும், கேழ்வரகும் சாமையும் இடம்பெறட்டும். நினைவுப் பரிசாக எங்கோ செய்த பிளாஸ்டிக் பொருளுக்கு மாற்றாகத் தோடர் பெண்களின் பூத்தையலையோ, சிறு விவசாயிகளின் தேயிலையையோ வழங்கலாம். அந்தப் பணம் மலையிலேயே தங்கும். குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை விடுதி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும். எழுதப்படாத பொறுப்பு எவருடையதும் ஆவதில்லை.

நம் இல்லங்களிலிருந்து

நம் பிள்ளைகளுள் பலர் இன்று நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் சிலருக்கு உண்டு. அவர்கள் ஒரு கேள்வி எழுப்பினால் போதும், இரண்டாயிரம் புட்டிகள் குறையும். நம் பங்குகளிலும் வெள்ளிவிழாக்களும் மறைமாவட்ட மாநாடுகளும் திருமண விருந்துகளும் நடக்கின்றன. ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னும், மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்த ஆண்டவரை அறிந்த நாம், வருவோரை முன்னதாகவே எண்ணிச் சமைப்பதும், மீந்ததைச் சூடு ஆறுமுன் தேவைப்படுவோருக்குக் கொண்டு சேர்ப்பதும் கடினமோ?

நமது அடுத்த கூட்டத்திற்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி வருவோரை எண்ணினோம். நூற்றெழுபது பேர் என்றனர். நூற்றறுபத்தைந்து பேர் வந்தனர். மண்டபத்தின் பின்புறம் கொட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. மறுநாள் காலை பெண்கள் கூடைகளுடன் அவ்வழியே, தம் பழைய பாதையிலேயே, கொழுந்து பறிக்கச் சென்றனர்.