ராமானுஜம் விட்ட ஓர் எண்

ஸ்ரீநிவாஸ ராமானுஜத்தின் பெயரைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள நம்மவர் சளைப்பதில்லை. அவர் ஜனித்த டிசம்பர் 22-ந் தேதி 2012 முதல் தேசிய கணித தினமாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது. நாமக்கல் நாமகிரித் தாயார் சொப்பனத்தில் சூத்திரங்களை அருளிய கதை கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படுகிறது. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்ட கதையைச் சொல்வோர் அரியர். ஓர் எண்ணைக் கொண்டு அக்குறையைச் சிறிது தீர்க்க முயல்வோம்.

அவ்வெண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் 1915-ல் ராமானுஜம் பிரசுரித்த நீண்ட வியாசத்தில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசி எண் இதுவே.

எதன் அட்டவணை? 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதமின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. இவ்வாறே 24-க்கு எட்டு, 60-க்குப் பன்னிரண்டு. தமக்குச் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் வென்று நிற்கும் இவற்றை ராமானுஜம் தனி இனமாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு வகுத்தியில்லாத பகா எண்ணுக்கு இவை நேர் எதிரிடை.

மேற்படி பெரிய எண், 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இவற்றை இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 இவற்றைத் தலைக்கு ஒரு முறையும் பெருக்கக் கிடைப்பது. வகுத்திகளை அறிய ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. முறைகளோடு ஒன்று கூட்டி, 7, 5, 3, 3, பின் ஐந்து 2-கள், இவற்றைப் பெருக்கினால் 10,080 வரும். பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வரலாகாது. வந்தால் இரண்டையும் இடம் மாற்றி, அதே தொகை வகுத்திகளுடன் சிறிய எண் ஒன்றைச் செய்துவிடலாம். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4-ம் 36-ம் மட்டுமே விலக்கு என்பதையும் ராமானுஜம் நிரூபித்தார். நடுவிலுள்ளவை எத்தனை முறை வரும் என்பதில்தான் சிரமமெல்லாம். பல கூட்டுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலம் அது.

இவ்விதம் 102 எண்களை அவர் அடுக்கினார். இடையில் ஒன்று விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. நேயர்கள் காகிதமும் பென்ஸிலும் எடுத்து அதை 23-ஆல் பெருக்கிப் பார்ப்பார்களாக. வருவது அட்டவணையின் கடைசி எண்ணேயாகும்! 23 ஒன்று நீங்கலாக மற்றவை அப்படியே. வகுத்திகள் சரிபாதி, 5,040. பெரியதைப் பிடித்தவர் கையில் சிறியது நழுவியது விந்தைதான்.

இதை எடுத்துச் சொல்வது அவருடைய கீர்த்திக்குக் குறைவென்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. சொப்பனத்தில் கிடைத்த அட்டவணையானால் ஒன்று விடுபட்டிருக்குமா?

கும்பகோணத்திலும் சென்னையிலும் காலேஜ் பரீட்சையில் தேறாத அவருக்கு, இவ்வாராய்ச்சியைக் கொண்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஆகவே வியாசத்தின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1988-ல்தான் டில்லியில் கையெழுத்துப்படியாகவே வெளிவந்தது. 1997-ல் அதற்குக் குறிப்புகள் எழுதிப் பதிப்பித்தவர்கள் நிகோலா, ரொபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்.