துப்பாக்கி வாத்தியாரின் விரலைப் பாருங்கள்!

சாமைப் பொங்கல், புளிக்காய்ச்சல் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவள் திடீரென்று துப்பாக்கியைத் தூக்கிவிட்டாளே என்று திகைக்காதீர்கள், சகோதரிகளே! ஜவ்வாது மலையில் பிறந்தவளுக்குத் துப்பாக்கி ஒன்றும் அந்நியமான சாமான் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு மூலையில் உலக்கை நின்றால் இன்னொரு மூலையில் நாட்டுத் துப்பாக்கி நிற்கும். லைசென்ஸ் பற்றியெல்லாம் யாரும் பேசினதில்லை. கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் ஒரு வருஷத்துச் சாமை போய்விடும். அந்தப் பேச்சுதான்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வருஷம் என்.சி.சி. முகாமுக்குப் போனாள். குப்புறப் படுத்துக்கொண்டு, 25 கெஜ தூரத்து அட்டையில் பாயிண்ட் 22 ரைபிளால் ஐந்து குண்டு சுட்டாளாம். திரும்பி வந்தவள், "அம்மா, தற்காப்புக்கு முறையா சுடக் கத்துக்கப் போறேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், என் அம்மாவின் கால்.

1991ல் நடந்தது. எனக்குப் பதினொரு வயது. பரணில் ராத்திரி காவல் இருந்துவிட்டு அண்ணன் விடியற்காலையில் வீட்டுக்கு வந்தான். கருமருந்தும் ரவையும் கெட்டித்து, கேப்பு வைத்து, மேலே குதிரையை இழுத்து வைத்தது வைத்தபடியே இருந்தது. வாசற்படியில் கால் தடுக்கி, விழப் போய்ச் சமாளித்தான். அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மாவின் கணுக்காலில் ரவை பாய்ந்துவிட்டது. டோலி கட்டிக் கீழே தூக்கிப் போனார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் சாகும்வரை அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

"நான் விசையை இழுக்கவே இல்ல, தானா வெடிச்சிருச்சு" என்று அண்ணன் அழுதான். யார் நம்பினார்கள்? "துப்பாக்கி தானா வெடிக்குமாடா?" என்று அப்பா அடித்த அடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நானும் நம்பவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக, அண்ணன் கவனக்குறைவாக இழுத்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். "கத்துக்கோ. ஆனா வாத்தியாரை நான் பார்த்த பிறகுதான்" என்று சொல்லிவிட்டேன். தையல் கிளாஸுக்கே விசாரித்துத்தானே அனுப்புகிறோம்?

முதலில் கீழே ஓர் ஊரில் பெண்களுக்கான தற்காப்பு முகாம் என்று கேள்விப்பட்டுப் போனோம். கறுப்புக் கண்ணாடி, பூட்ஸ், கம்பீரமான மனிதர்தான். கையில் ஏர் பிஸ்டல். பேச்சு அருவி மாதிரி கொட்டியது. நான் பேச்சைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் விசை மேலேயே இருந்தது. இந்தப் பக்கம் பேசும்போது குழல் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்துக்கு நேரே. நான் கேட்டதற்கு, "காலிதாம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தார். காலிதான் என்று அவர் திறந்து காட்டவில்லை. ஏர் பிஸ்டல் என்றால் பொம்மையா? அதன் பெல்லட்டுக்கு ஒரு கண்ணைப் பறிக்கிற சக்தி உண்டு. காபி வருவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டாமவர் ஒரு ரைபிள் கிளப்பில் சொல்லிக்கொடுக்கும் ஓய்வு பெற்ற ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அங்கேதான் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டே! பேச்சு குறைவு, மீசை நரைத்திருந்தது. முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கையில் துப்பாக்கியையே கொடுக்கவில்லை. கொடுக்கும் முன் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று தானும் பார்த்து, வாங்குகிறவளையும் பார்க்கச் சொன்னார். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிற நரம்பு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். அது வெளியே தெரிந்தால் காலி என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஒரு பையன் துப்பாக்கியோடு சடக்கென்று திரும்பினான். பெரிய இடத்துப் பிள்ளை போலிருக்கிறது. "தம்பி, இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப் போயிற்று.

அவர் விரல்? துப்பாக்கி கையில் இருந்த நேரமெல்லாம் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடியே இருந்தது. குறி பார்த்து, சுடுவது என்று தீர்மானித்த பிறகுதான் உள்ளே போயிற்று.

வீட்டில் மகள் இதை அகப்பையை வைத்துக் காட்டினாள். திண்ணையிலிருந்த சித்தப்பா விடுவாரா? "பன்னி பாயும்போது விரலைத் தேடிக்கிட்டு இருப்பியா? விசை மேல விரல் இருந்தாத்தான் பொழைப்ப" என்றார். "ஒரு கண் சிமிட்டற நேரம்தான் ஆகும் தாத்தா" என்று இவள். நாலு நாள் சண்டை. சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் எனக்குப் பட்டது. அடுத்த வாரம் ஹவில்தாரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு டம்ளரை என் வலது கையில் லேசாகப் பிடிக்கச் சொன்னார். "இப்ப இடது கையை இறுக்கி மூடுங்கம்மா" என்றார். மூடினேன். வலது கையும் தன்னாலே இறுகிற்று! நீங்களும் செய்து பாருங்கள். சமையலறையில் பின்னால் பாத்திரம் விழுந்தால் கையில் இருக்கிற கத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். திடுக்கிட்டாலும், கால் வழுக்கினாலும், ஒரு கையால் எதையாவது பற்றினாலும் மற்றக் கை விரல்கள் நம்மைக் கேட்காமலே மூடிக்கொள்ளும். அப்போது விரல் விசை மேல் இருந்தால்? இதை அமெரிக்காவில் தசை இயக்கத்தை ஆராய்கிறவர்கள் விளக்கி எழுதியிருக்கிறார்களாம். ஜெர்மனியில் போலீஸ்காரர்களை வைத்துச் சோதித்தபோது, விரலை வெளியே வை என்று பழக்கப்பட்டவர்களில் சிலரே தெரியாமல் விசையைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்ற பழைய ராணுவக்காரர் 1976ல் துப்பாக்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். எல்லாத் துப்பாக்கியும் கெட்டித்ததுதான் என்று நினை, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே, எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள் - இந்த நாலு விதிகளையும் பரப்பியவர் அவர்.

எங்கள் மலைத் துப்பாக்கியில் பூட்டு கிடையாது. 2014ல் பெண்களுக்கென்று கான்பூர் தொழிற்சாலையில் செய்த 'நிர்பீக்' ரிவால்வரைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அரைக் கிலோ எடை, அப்போது விலை 1,20,000 ரூபாய்க்கு மேல். ஆனால் பெரும்பாலான ரிவால்வர்களிலும் தனியாகப் பூட்டு இருக்காது. எத்தனை விலை கொடுத்தாலும் விரல்தான் பூட்டு.

நான் கேட்காமலே ஹவில்தார் சட்டமும் சொன்னார். லைசென்ஸுக்கு 21 வயது நிறைய வேண்டும். 2016ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். "சட்டம் சொல்லாம, சுட மட்டும் சொல்லித் தர்றவன்கிட்ட போகாதீங்க" என்றார். தற்காப்பு என்றால் முதலில் ஓடிவிடுவது, கத்துவது, கதவைத் தாழிடுவது, இதெல்லாம் முடியாமல் போனால்தான் துப்பாக்கி என்றும் சொன்னார். துப்பாக்கி விற்கிற ஆள் மாதிரி பேசாத துப்பாக்கி வாத்தியார்!

குழந்தை உள்ள வீடுகளில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வையுங்கள். அரிசிப் பானையில் சாவியை ஒளித்து வைப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைப்பது நம் பேதைமை. துப்பாக்கியே இல்லாத வீட்டுக்காரர்கள், திருவிழாவில் பலூன் சுடும் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவீர்களே, அங்கேயே ஆரம்பிக்கலாம். "விரல் வெளியே, குழல் பலூன் பக்கம்" என்று சொல்லிக் கொடுங்கள். பின்னால் நிற்கிற தங்கச்சி பக்கம் திரும்பினால் அன்றைக்குப் பலூன் கிடையாது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இன்னும் பரணில் இருந்தால் போலீஸில் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் மலையில் அவர்களே ஊர் ஊராக வந்து கேட்டு வாங்கினார்கள். எங்கள் வீட்டுச் சனியனும் அப்படித்தான் ஒழிந்தது.

கடைசியில் அம்மாவின் கால் கதையை ஹவில்தாரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "குதிரையை இறக்காதது தப்பு, குழல் வீட்டைப் பார்த்தது தப்பு, விரல் உள்ளே இருந்தது தப்பு. மூணு தப்பு. ஆனா, இழுக்கலைன்னு சொன்னாரே, அது பொய் இல்லம்மா" என்றார்.

அடுத்த நாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். பலா மரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவனையும் டம்ளரைப் பிடிக்க வைத்துக் காட்டினேன். ஒரு தடவைக்கு நாலு தடவை செய்து பார்த்தான். "அம்மா இருக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றான். அப்புறம் கயிற்றை எடுத்துக்கொண்டு, "கீழ்க் கிளையில ஒண்ணு பழுத்திருக்கு, பாப்பாவுக்கு எடுத்துக்கிட்டுப் போ" என்றான்.