பென்டிரைவ் பையில், பெயர் கணினியில்

போன மாதம் நிகழ்ச்சிக்கான உரையைப் பென்டிரைவில் எடுத்துப் போய், ஒலிப்பதிவுக் கூடத்துக் கணினியில் திறந்து வாசித்தேன். முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் தோழி கேட்டாள்: "என்னடி, தீபாவளி நிகழ்ச்சி இப்பவே ரெடியா?" கோப்பின் பெயர் 'அண்மையில் திறந்தவை' பட்டியலில் அப்படியே இருந்திருக்கிறது.

கணினித் தடயவியலில் இந்தப் பட்டியலுக்குத் தனி மதிப்பு உண்டு. விண்டோஸில் ஓர் ஆவணத்தைத் திறந்தால், 'ரீசண்ட்' கோப்புறையில் அதற்கொரு குறுக்குவழிக் கோப்பு உருவாகும். ஓரிரு கிலோபைட்தான். ஆனால் மூலக் கோப்பு எங்கிருந்தது, அதன் அளவு, உருவான நேரம், திருத்திய நேரம், அது வன்தட்டில் இருந்ததா பென்டிரைவில் இருந்ததா, அந்த டிரைவின் வரிசை எண் என்ன என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். குறுக்குவழி உருவான நேரம் பெரும்பாலும் கோப்பை முதலில் திறந்த நேரம். அது மாறிய நேரம், கடைசியாகத் திறந்த நேரம். மூலக் கோப்பை அழித்தாலும் இது தானாக அழியாது. விண்டோஸ் 7 முதல் 'ஜம்ப் லிஸ்ட்' என்ற பதிவும் சேர்ந்துகொண்டது.

வேலை மாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராஜினாமா கொடுத்த வாரத்தில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை ஒருவர் பென்டிரைவிலிருந்து திறந்து பார்க்கிறார் என்று வையுங்கள். குறுக்குவழியில் உள்ள வரிசை எண்ணும் அவர் வீட்டுப் பென்டிரைவின் எண்ணும் ஒத்துப்போனால், 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது. பட்டியலைத் துடைத்துவிடலாமே என்பீர்கள். திடீரென்று காலியான பட்டியலும் ஆய்வாளர் கண்ணில் படும்! மலேசியாவில் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கும் ஆவணங்களை நீதிமன்றம் ஏற்க வழி செய்கிறது.

ஆனால் இந்தப் பதிவு சொல்லாததும் உண்டு. எந்தக் கணக்கில் கோப்பு திறக்கப்பட்டது என்று காட்டும். நாற்காலியில் யார் இருந்தார் என்று காட்டாது. திறந்தது தெரியும், யாருக்கு அனுப்பினார் என்பது இதில் இருக்காது. கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் நேரமும் தவறு. அதனால்தான் ஆய்வாளர்கள் இதை மட்டும் நம்புவதில்லை. கணக்கில் நுழைந்த நேரம், பென்டிரைவ் செருகிய பதிவு, அலுவலகக் கதவு அட்டைப் பதிவு என எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். நீங்கள் விடுப்பில் இருந்த நாளில் உங்கள் கணக்கில் கோப்பு திறந்திருந்தால், உங்களைக் காப்பாற்றப் போவதும் அதே பதிவுதான்.

எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், திரையோரம் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தது. அன்றைக்கே அதைக் கிழித்துவிட்டோம்.