பெயர் பதிக்கும் துளைத்தகடு

ஒரு பொருளின்மேல் ஒருமுறை பெயரெழுதுதல் எளிது. அதே பெயரை ஆயிரம் பொருள்களின்மேல், ஆயிரமுறையும் ஒரே வடிவில் எழுதுதலே அரிது. இவ்வரிய செயலை எளிதாக்க மனிதன் கண்ட கருவிகளுள் ஒன்று துளைத்தகடு. இதனையே ஸ்டென்சில் என்கிறோம். அச்சொல்லைக் கேட்டதும் நம்மவருட் பலர்க்குப் பள்ளிக்கூட அலுவலகமும், மெழுகுதாளில் தட்டச்சுச் செய்து ரோனியோப் பொறியில் உருட்டிய வினாத்தாளும் நினைவுக்கு வருதல் கூடும். மெழுகுதாளாயினும் தகடாயினும் தத்துவம் ஒன்றே: வெட்டிய இடத்தின் வழியே மை செல்லும், வெட்டாத இடம் அதனைத் தடுக்கும்.

இக்கலை மிகப் பழமையானது. இந்தோனீசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகைச் சுவர்களிற் பண்டை மாந்தர் தம் கையைப் பாறைமேல் வைத்து, அதனைச் சூழச் செந்நிறக் குழம்பை ஊதித் தெளித்துக் கைவடிவைப் பதித்தனர். அவற்றுள் ஒன்று 39,900 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையதென 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆங்குக் கையே தகடு. நம்மவரிடையேயும் புள்ளித் துளையிட்ட தட்டில் மாவை நிரப்பித் தட்டிக் கோலமிடும் வழக்கம் உண்டு, அதுவும் இவ்வினத்ததே.

ஊவா மலைகளில் இக்கருவிக்குச் சிறப்பான தொழிலொன்று இருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னத் தொழிற்சாலை எழுந்தது அக்காலத்திலேயே. அதற்கு ஏழாண்டு முன்னர், 1883இல், கொழும்பில் தேயிலை ஏல விற்பனை தொடங்கியிருந்தது. ஏலத்தில் தேயிலை விலைபோவது தோட்டத்தின் பெயரால். ஆதலால், ஈயத்தாள் உள்ளிட்ட ஒட்டுப்பலகைப் பெட்டியொவ்வொன்றின் மேலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், தொகுதி எண், நிறை ஆகியவை பிழையின்றிப் பதிக்கப்படல் வேண்டும். துத்தநாகம் அல்லது பித்தளைத் தகட்டைப் பலகைமேல் அழுத்தி, குட்டை மயிர்த் தூரிகையாற் கருமையைக் குத்திக் குத்திப் பதித்தனர். அப்பெட்டிகள் மலைப்பாதையில் இறங்கிக் கொழும்பையும் இலண்டனையும் அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பலகைப் பெட்டியின் இடத்தைத் தாட்சாக்கு மெல்ல மெல்லக் கைப்பற்றிற்று. கருவியின் பயனோ அத்துடன் முடியவில்லை.

துளைத்தகடு செய்ய விரும்புவோர் முதலில் அறியவேண்டியது 'தீவும் பாலமும்' என்னும் நுட்பம். வட்டமொன்றைத் தகட்டில் வெட்டினால் அதன் நடுப்பகுதி கழன்று வீழும். ஆங்கில எழுத்துகள் சிலவற்றின் வயிற்றில் இத்தகைய வளையம் உண்டு. தேயிலைத் தரங்களுள் ஒன்றாகிய 'புரோக்கன் ஆரஞ்சுப் பீக்கோ' என்பதன் முதலெழுத்துகள் மூன்றுமே அத்தகையன. வளையத்தின் உட்பகுதி தீவு. அது வீழாதிருக்க வெளித்தகட்டோடு இணைக்கும் வெட்டாத கீற்றுப் பாலம். பெட்டியெழுத்துகளின் இடையிடையே காணும் வெறுங்கோடுகள் அழகுக்காக விடப்பட்டவையல்ல. அவையே எழுத்தைத் தாங்கும் பாலங்கள்.

நம் தமிழெழுத்துக்கும் இவ்விதி பொருந்தும். ட, ப, ர ஆகிய எழுத்துகளில் மூடிய வளையமில்லை, பாலமின்றி வெட்டலாம். ம, வ, ன போன்றவற்றில் வளையமுண்டு, பாலம் வேண்டும். 'பாடம்' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொண்டால், இறுதி மகரத்துக்கு மட்டுமே பாலம் தேவை. புள்ளியோ மிக எளிது. ஏட்டிற் புள்ளியிட்டால் ஓலை துளைபடுமென்று அஞ்சி எழுதுவோர் அதனை விட்டனர் என்பர். துளைத்தகட்டிலோ துளையே புள்ளியாகின்றது. எண்களுள் 0, 4, 6, 8, 9 ஆகியவை பாலம் வேண்டுவன. 1, 2, 3, 5, 7 வேண்டாதன. எழுத்தின் உருவம் மாறுபட்டுத் தோன்றாத இடத்திற் பாலம் அமைத்தலே திறமை. அளவுக்கு மிஞ்சி மெலிந்த பாலம் அறும். தடித்ததோ எழுத்தைச் சிதைக்கும். ஒரு சாண் உயரமுள்ள எழுத்துக்கு அரை விரலகலப் பாலம் போதும்.

தகட்டுக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை. ஓரிரு முறைக்குத் தடித்த அட்டை போதும். அதன் இருபுறமும் மெழுகோ வார்னிஷோ பூசினால் ஈரந்தாங்கும். பன்முறைக்குப் பழைய எக்ஸ்ரேப் படத்தாள் மிக உகந்தது. எழுத்தைத் தாளில் வரைந்து, தாளைத் தகட்டின்மேல் ஒட்டி, கூரிய சிறு கத்தியால் வெட்டுக. உட்பகுதிகளை முதலிலும் வெளிக்கோட்டைப் பின்னரும் வெட்டுதல் முறை. முற்கூட்டியே பெரும்பகுதியை எடுத்துவிட்டால் தகடு நெகிழ்ந்து கோடு பிசகும். வளைவில் வரும்போது கத்தியைத் திருப்பாது தகட்டைத் திருப்புக. பாலம் அறுந்தால் இருபுறமும் ஒட்டுநாடா இட்டுச் சீர்செய்யலாம்.

இனி, பதிக்கும் முறை. தூரிகைக்கு மாற்றாக இன்று பெரிதும் வழங்குவது தெளிப்பு வர்ணக் குப்பி. 1949இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர் இதனை ஆக்கினார். குப்பியை ஒரு நிமிடத்துக்குக் குறையாது நன்கு குலுக்குக. சுவரைத் துடைத்து, தகட்டை நாடாவால் இறுக ஒட்டி, சுற்றுப்புறத்தைப் பழைய செய்தித்தாளால் மறைக்க. குப்பியைச் சுவரினின்று ஏறத்தாழ ஓரடி தூரத்தில் நேராகப் பிடித்தல் வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வர்ணம் தகட்டின் அடியிற் புகுந்து எழுத்தோரம் கலங்கும். தெளிப்பைத் தகட்டுக்கு வெளியே தொடங்கி, கையை நிறுத்தாது நகர்த்தி, வெளியே முடிக்க. ஒரே முறையிற் கனமாகத் தெளித்தால் வர்ணம் வழியும். மெல்லிதாக இரண்டு மூன்று முறை தெளித்தலே நன்று. பின்னர்த் தகட்டை இழுக்காது நேரே எடுக்க. இரு வர்ணம் வேண்டின் இரு தகடு செய்து, இரண்டிலும் ஒரே இடத்தில் அடையாளத் துளையிட்டுப் பொருத்துக.

அப்புத்தளையில் இத்தொழில் செய்வோர் வானத்தையும் பார்த்தல் வேண்டும். மலைமுகட்டின் மேலமைந்த இவ்வூரிற் காற்று வர்ணத்தை அடித்துச் செல்லும். பனிமூட்டத்தின் ஈரமோ வர்ணத்தை உலரவிடாது, அதன்மேல் வெண்ணிறப் படலத்தையும் உண்டாக்கும். வெயில் ஏறிக் காற்றடங்கிய முற்பகலே தக்க வேளை. தெளிப்புத் துளி நுரையீரலுக்குத் தீங்கு. முகத்தை மூடாது தெளித்தல் ஆகாது. குப்பியிலுள்ள வாயு தீப்பற்றும் தன்மையது. அடுப்புக்கும் விளக்குக்கும் அருகிற் கொண்டுசெல்லாமையும், வெறுங்குப்பியைத் துளைத்தலோ நெருப்பிலிடுதலோ செய்யாமையும் கட்டாயம்.

இத்துணை விரிவாக இதனைக் கூறப் புகுந்தமைக்குக் காரணமுண்டு. நூறாண்டுக்கு மேலாக இம்மலைகளிலிருந்து சென்ற பெட்டியொவ்வொன்றுக்கும் பெயரிருந்தது, எண்ணிருந்தது, எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கிறது என்பது அதன்மேலே எழுதியிருந்தது. அப்பெட்டிக்குரிய கொழுந்தைக் கிள்ளியவர் வாழ்ந்த லயத்துக் கதவிலோ பெரும்பாலும் எழுத்தொன்றும் இல்லை. அவர்க்கு வந்த கடிதம் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தது. நேர்முகத் தேர்வுக்குரிய அழைப்பு நாள் கடந்து கைக்கெட்டிய கதைகளை மலையகத்தில் அறியாதார் யார்? பெட்டிக்கு இருந்த முகவரி மனிதர்க்கு இல்லாதிருந்தமை நம் அனைவர் நெஞ்சிலும் உறுத்தவேண்டிய ஒன்று.

வர்ணத்தால் எண் பதித்தமையால் மட்டும் சட்டப்படியான முகவரி பிறந்துவிடாது. அதற்குத் தபாற் பகுதியும் பிரதேச சபையும் தோட்ட நிருவாகமும் இசைதல் வேண்டும் என்பதை யாம் அறிவோம். எனினும், இசைவு கிடைத்த இடத்தில் வேலை தாமதிக்கக் காரணமில்லை. பத்து எண்களும், தோட்டத்தின் பெயரும், பிரிவின் பெயரும் தமிழில் வெட்டிய ஒரு தொகுதித் தகடு இருந்தால், இளைஞர் நால்வர் ஒரு விடுமுறைப் பகலில் ஒரு லயத்தின் கதவெல்லாவற்றையும் எண்ணிட்டு முடிக்கலாம். அத்தகடு அடுத்த லயத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் பயன்படும். விழாக்காலப் பந்தலுக்கும் விளையாட்டுப் போட்டிக் கொடிக்கும் அழகு செய்ய இக்கலையைப் பயிலும் மாணாக்கர், அதே கையால் இதனையுஞ் செய்வாராக. பழைய மாணாக்கராகிய நாம் தகட்டுக்கும் வர்ணத்துக்கும் வேண்டிய சிறு பொருளை உதவுவோமாக. தேயிலைக்குப் பெயர் தந்த கருவி, அதனை விளைவித்தவர் வாயிலுக்கும் பெயர் தரட்டும்.