கடை போடும் இடத்தை நாமதான் பார்க்கணும்



பேர் பெற்ற டீக்கடை, ஐஸ்கிரீம் கடை கம்பெனிகள் பணம் கட்டினால் தங்கள் பெயரில் கடை நடத்த உரிமை தருகின்றன. இதைத்தான் ‘பிரான்சைஸ்’ என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இப்படிக் கடை எடுக்க நம்மில் பலருக்கு ஆசை. “கம்பெனிக்காரங்களே இடத்தைப் பார்த்து சரின்னுட்டாங்க, அப்புறம் என்ன?” என்று நினைக்கிறோம்.

கம்பெனி சரி என்பது சம்மதம் மட்டும்தான். வியாபாரம் நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் அப்படி எழுதியிருக்கும். நம் நாட்டில் பிரான்சைஸுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. அதனால் கையெழுத்துப் போடும் முன் படிக்கத் தெரிந்தவரை வைத்து முழுசா படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடை ஓடாவிட்டாலும் வாடகையும் வங்கித் தவணையும் நம் தலையில்தான்.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எண்ணைக் கேட்டதும் ஆசை வரும். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறி கேட்டுக்குள் இறங்கி, உள்ளே கேன்டீனில் சாப்பிடுகிறவர் நம் கடைக்கு எப்படி வருவார்? நடந்து வருகிறவர்களைத்தான் கணக்கில் எடுக்கணும்.

நேரில் பார்க்க வேண்டியவை

1. ஒரு வாரம் அந்த இடத்தில் நின்று எண்ணுங்கள். ஷிப்டு மாறும் நேரம், மற்ற நேரம், ஞாயிற்றுக்கிழமை என்று தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள்.
2. சாலை நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் நமக்கு இல்லை. வண்டி நிறுத்த இடம் உண்டா?
3. இடம் பட்டாவா, புறம்போக்கா? சாலை அகலப்படுத்தினால் கடை போகுமா? கிராம நிர்வாக அலுவலர், நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.
4. அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு கடை வராது என்று ஒப்பந்தத்தில் இருக்கா?

கணக்குப் போடுங்கள்

உதாரணத்துக்கு, மாதம் வாடகை 10,000, ஆள் கூலி 12,000, கரண்ட், தண்ணீர் 3,000, தவணை 5,000. மொத்தம் 30,000 ரூபாய். ஒரு நாளைக்கு 1,000. பொருள் செலவும் கம்பெனி பங்கும் போக ஒரு டீக்கு 5 ரூபாய் நின்றால், தினம் 200 டீ விற்றால்தான் செலவே சரியாகும். நம் உழைப்புக்கு அதுக்கு மேலதான்.

ஒரே கேட்டை நம்பாதீங்க

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அந்த வளாகத்துக்குப் பிறகு வேறு கம்பெனி வந்தது. ஆனால் அதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. அத்தனை நாள் தவணை காத்திருக்குமா? ஆலை ஆட்களோடு ஊர் ஜனமும், பள்ளிப் பிள்ளைகளும், பஸ் ஏற வருகிறவர்களும் நடக்கும் இடமாகப் பாருங்கள்.

எண்ணி எழுதிய நோட்டைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்கட்டும். அதற்குப் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.