ஆபரேஷன் செய்த கண்ணில் மறுபடியும் அழுத்தமா? லேசர் ஒளி உதவும்!

"ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே! இனிக் கண்ணுக்கு என்ன கவலை?"

பலர் இப்படி நினைக்கிறார்கள். அது தவறு. "கிளாக்கோமா" என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு, ஆபரேஷன் செய்த கண்ணிலும் அழுத்தம் மறுபடி ஏறலாம்.

அழுத்தம் ஏன்?

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கெடும்.

பெரும்பாலும் வலி இராது. முதலில் ஓரப் பார்வை போகும். போன பார்வை திரும்பி வராது!

கத்தி இல்லை

கண்புரை ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்த கண்ணிலும் லேசர் சிகிச்சை செய்யலாம். ஆனால், வடிகாலின் வாய் திறந்திருக்க வேண்டும்.

கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். நோயாளி ஒரு கருவியின் முன் உட்காருவார். லேசர் ஒளி வடிகாலில் பாயும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

இந்தச் சிகிச்சைக்கு 2001-ம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நோய் புதிதாகக் கண்டவர்களுக்கு இதையே முதல் சிகிச்சையாகச் செய்து, இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். முடிவு 2019-ல் வெளியாயிற்று. 3 ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 74 பேருக்குச் சொட்டு மருந்து தேவைப்படவில்லை!

தையலை அறுக்கும் ஒளி

அழுத்தத்தைக் குறைக்கவே ஓர் ஆபரேஷன் உண்டு. 1968-ல் இங்கிலாந்து டாக்டர் கெய்ர்ன்ஸ் அதை விளக்கி எழுதினார். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு மடல் வெட்டி, நீர் வெளியேறப் புது வழி செய்வார்கள். மடலை மெல்லிய நூலால் தைப்பார்கள்.

தையல் இறுக்கமாக இருந்தால் நீர் வடியாது. அப்போது டாக்டர், லேசர் ஒளியால் நூலை மட்டும் அறுத்துவிடுவார். மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன்கள் பலிக்காத கண்ணுக்கும் வழி உண்டு. நீர் ஊறும் இடத்தில் லேசரைப் பாய்ச்சி, ஊற்றையே குறைப்பார்கள்.

மறக்கக் கூடாது

லேசர், இழந்த பார்வையைத் தராது. இருக்கும் பார்வையைக் காக்கும். அதன் பலன் சில ஆண்டுகளில் குறையலாம். ஆகவே டாக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. சோதனைக்குப் போகத் தவறவும் கூடாது.

இந்த நோய் குடும்ப வழியாகவும் வரும். ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.